இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற சந்துகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்தவர் கிளம்பினால் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லித்தானே அனுப்புவோம்? சொல்லாவிட்டால் வந்தவருக்கு மனசு நொந்துவிடும். அந்தச் சந்துகளில் மட்டும் அந்த வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. அங்கே ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள் நோயாளிகள், இல்லையென்றால் நோயாளியோடு வந்தவர்கள். அவர்களிடம் போய் 'மறுபடி வாங்க' என்றால் என்ன அர்த்தம்? மறுபடி படுத்த படுக்கையாகி வாருங்கள் என்றா? அதனால் ரூம் வாடகைக்கு விடுகிற பெண்கள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "நல்லா இருங்க, இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க" என்பார்கள். மனதார வாழ்த்துவதென்றால் அங்கே அதுதான்.

ஜெயபுஷ்பமும் எத்தனையோ குடும்பங்களை அப்படித்தான் அனுப்பி வைத்தாள். மாமனார் கட்டிய வீட்டின் பின்பக்கம் வரிசையாக ஆறு ரூம். ரூமுக்கு ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், கொஞ்சம் பாத்திரம். போர்டு எதுவும் கிடையாது. 'ஜெபராஜ் வீடு' என்றால் காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ஆனால் அந்த ஜெபராஜைப் பகலில் அந்த வீட்டில் பார்த்தவர் யாரும் இல்லை. அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவான்.

"எங்கனா ஊருக்குப் போய்ட்டு வரலாங்க" என்று அவள் ஆரம்பித்தாலே போதும்.

"இந்த ஷிப்மென்ட் போகட்டும் புஷ்பம்."

ஷிப்மென்ட் போகும். அதன் பின்னாலேயே இன்னொரு ஷிப்மென்ட் வந்து நிற்கும். ஜெபராஜ் வெட்டிக் கொடுத்த தோல் ஷூவாகி ஜெர்மனிக்குப் போனது, இத்தாலிக்குப் போனது. அவன் பெண்டாட்டி மெட்ராஸைத் தாண்டிப் போனதில்லை.

பார்க்கவில்லையே தவிர, கேட்டுக் கேட்டே அவளுக்கு ஊர்கள் எல்லாம் அத்துப்படி. அகர்தலாவில் எந்த மாசம் மழை, கல்கத்தாவில் டிராம் எங்கே திரும்பும், எந்த ஊரில் என்ன மீன் நல்ல மீன், எல்லாம் சொல்வாள். ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு வேறு என்ன பேச்சு இருக்கும்? ஊரைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசிப் பேசி அழுவார்கள். அழுது முடித்ததும், "தீதி, நீங்க ஒரு தடவை எங்க ஊருக்கு வரணும்" என்பார்கள். வங்காளிகளுக்கு அக்கா என்றால் தீதி. அவளும் சரி சரி என்று தலையாட்டுவாள். தலையாட்டிவிட்டு ஸ்டவ்வுக்குத் திரி மாற்றப் போய்விடுவாள். ஆனால் அந்த ஊர்களில் ஓடுகிற ஆறுகளைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் மட்டும் அவளால் எழுந்து போக முடியாது. பாலாற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். கரைமுட்டத் தண்ணீர் ஓடுகிற ஆற்றில் ஒரு படகில் உட்கார வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

முதல்முதலில் சொன்னது ஷெஃபாலியிடம்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் ஷெஃபாலி வந்தாள். கூட அவள் புருஷன் நிர்மல் பாபு. முர்ஷிதாபாத் பக்கம் லால்பாக் என்ற ஊர். அங்கே ஆற்றோரம் நோட்டுப் புத்தகம், பேனா விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். இதயத்தில் வால்வு கெட்டுப்போய், இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும். மூலை ரூம் காலியாக இருந்தது, அதைக் கொடுத்தாள்.

முதல் நாளே ஒரு சின்ன உரசல். ஷபீ அஹமது கடையில் கடுகெண்ணெய் வாங்கிவந்து ஷெஃபாலி மீன் வறுத்தாள். அந்தச் சந்தில் எல்லா மளிகைக் கடையிலும் கடுகெண்ணெய் கிடைக்கும், வங்காளிகளுக்காகவே வைத்திருப்பார்கள். ஜெயபுஷ்பத்துக்கு அன்றைக்கு ஏற்கெனவே தலைவலி. மூக்கைப் பொத்திக்கொண்டு போய் நின்றாள்.

"இன்னாம்மா இது, கண்ணெல்லாம் எரியுது. கதவையாவது சாத்திக்க."

சொன்னதோடு அவள் மறந்துவிட்டாள். ஷெஃபாலி மறக்கவில்லை. அதன் பிறகு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைச் சுவரோரம் வைத்துத்தான் சமைத்தாள். இத்தனைக்கும் ஒரு மாசத்துக்குள் ஜெயபுஷ்பமே அந்தக் கடுகு மீன்குழம்பைக் கிண்ணம் நீட்டி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். நாக்குக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லத்தான் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் ஊருக்குப் போக டாக்டர் விடவில்லை. மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை பக்கத்திலேயே இருங்கள் என்றுவிட்டார். நிர்மல் பாபு ரூமில் படுத்தபடி மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சும் குறைந்துவிட்டது. ஷெஃபாலி பயந்துபோனாள்.

"இன்னா, பொழைச்சு வந்த மனுஷன இப்படியே படுக்க வச்சிருக்கப் போறியா?" என்றாள் ஜெயபுஷ்பம். அன்றைக்கே டாக்டரிடம் போய் நின்றாள். காரில் போகலாமா, எவ்வளவு நேரம் உட்காரலாம், மேடு ஏறலாமா, இளநீர் கொடுக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு வாடகைக்கு ஓட்டுகிற சத்தாரின் அம்பாசடர் காரைப் பேசினாள். பின்சீட்டில் ரெண்டு தலையணை, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், மாத்திரை டப்பா. முன்சீட்டில் தானே ஏறிக்கொண்டாள்.

"பாத்துப் போ சத்தாரு. பள்ளத்துல எறக்குன, அவ்ளோதான்."

"இருபது வருஷமா ஓட்டுறேன்க்கா. எங்கிட்ட போய்."

"இருபது வருஷமா வால்வு மாத்துனவரையா ஏத்துன? மெல்லப் போ."

வெயில் தாழ்ந்த பிறகு கோட்டை. இன்னொரு நாள் காலையிலேயே கிளம்பி ஆற்காடு. அதற்கடுத்த வாரம் ஆலங்காயம். ஒவ்வொன்றும் அந்த மனுஷருடைய மூச்சுக்குத் தகுந்தபடி அவள் யோசித்துப் பிரித்த பிரயாணம். ஆற்காட்டில் நவாப் காலத்து டெல்லி கேட்டைப் பார்த்துவிட்டு மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தாள். நிர்மல் பாபு அதில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தார்.

"எங்க ஊர்லயும் நவாப் இருந்தாங்க தீதி. எல்லாம் போய்ட்டாங்க. இனிப்பு மட்டும் மிச்சம்."

"இங்கயும் அதே கதைதான்" என்றாள் ஜெயபுஷ்பம்.

திரும்பும்போது பாலாற்றுப் பாலம் வந்தது. ஷெஃபாலி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மணல், மணலில் முள்செடி, ஓரமாக லாரி போன தடம்.

"ஆறு எங்க தீதி?"

"இதாம்மா ஆறு."

"தண்ணி?"

"அது எப்பனா வரும்."

மற்றவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். ஷெஃபாலி சிரிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஜெயபுஷ்பம் அந்தப் படகு ஆசையை அவளிடம் சொல்லிவிட்டாள். முன்சீட்டிலிருந்து திரும்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆலங்காயத்தில் மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்து நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம், பார்க்கிற பக்கமெல்லாம் பச்சை. நிர்மல் பாபு மரத்தில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அங்கே வைத்துத்தான் ஷெஃபாலி தன்னுடைய திட்டத்தைப் போட்டாள்.

"நீங்க எங்களுக்குப் பண்ணீங்க. இப்ப நான் உங்களுக்குப் பண்றேன். குளிர்காலத்துல வரணும், அப்பதான் புது ஈச்ச வெல்லம். முதல்ல கல்கத்தால ஒரு நாள் தங்கணும். ரயில்ல வந்த உடம்பு, உடனே அலையக் கூடாது. அங்க பெரிய வெள்ளை சர்ச், அது உங்களுக்கு. டிராம், அது ஜெபராஜ் அண்ணனுக்கு. அப்புறம் எங்க ஊரு. ஆயிரம் வாசல் அரண்மனை இருக்கு. உங்க முட்டி வலிக்கு நடக்க வேணாம், குதிரை வண்டி வச்சுக்கலாம்."

"ஆயிரம் வாசலா? யாரு பெருக்குவா?"

ஷெஃபாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்புறம் படகு. அக்கரையில எங்க அம்மா ஊரு, ஒரே மாந்தோப்பு. கரைமுட்டத் தண்ணி தீதி. நடு ஆத்துல படகை நிறுத்தச் சொல்றேன். எவ்ளோ நேரம் வேணாலும் உக்காருங்க."

ஜெயபுஷ்பத்துக்கு அன்றிலிருந்து அந்த ஊர்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

கிறிஸ்மஸ் முடிந்த வாரம் அவர்கள் கிளம்பினார்கள். ஆட்டோ வாசலில் நின்றது. நிர்மல் பாபு ஏறி உட்கார்ந்தாயிற்று. ஷெஃபாலி மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தீதி, அப்ப நாங்க வரட்டுமா?"

வங்காளத்திலும் கிளம்புகிறவர்கள் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள், நம்மைப் போல 'வருகிறேன்' என்றுதான் சொல்வார்கள். அதற்கு 'வா' என்று பதில் வர வேண்டும். ஜெயபுஷ்பத்துக்கும் அது தெரியும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறாள். திரும்பி வர மாட்டாளா என்று அவள் ஏங்கியது இந்த ஒருத்திக்காகத்தான். ஏங்கியதாலேயே பயமும் ஜாஸ்தியாக இருந்தது. நாம் வா என்று சொல்லி, அது பலித்துத் தொலைத்தால்? இவள் எப்படித் திரும்பி வருவாள்? அந்த மனுஷரை ஸ்ட்ரெச்சரில் போட்டுக்கொண்டுதானே? வார்த்தையை அப்படியே விழுங்கினாள். ஷெஃபாலியின் கன்னம் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, அங்கே தங்குகிறவர்களிடம் பேசிப் பழகிய தன்னுடைய ஹிந்தியில், இருக்கிற பிரியத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்:

"வராத. ரெண்டு பேரும் இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது, தெரிதா?"

ஷெஃபாலியின் முகம் விழுந்துவிட்டது. பிரிகிற வருத்தம் என்றுதான் ஜெயபுஷ்பம் நினைத்தாள். ஆட்டோ போன பிறகு மூலை ரூமில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

அதற்கப்புறம் கிறிஸ்மஸ் தவறாமல் ஷெஃபாலியின் ஃபோன் வரும். எப்ப வர்றீங்க என்று கேட்பாள். திட்டத்தை மறுபடி முதலிலிருந்து சொல்வாள், வெல்லம், சர்ச், வாசல், படகு. "அவருக்கு ஷிப்மென்ட் போகட்டும்மா" என்பாள் ஜெயபுஷ்பம். தான் வருவதைப் பற்றி ஷெஃபாலி ஒரு வார்த்தை பேச மாட்டாள். இவளும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு வருஷம் ஃபோன் வரவில்லை. இவள் போட்டுப் பார்த்தால், அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. அவ்வளவுதான், நிர்மல் பாபு போய்விட்டார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அட்ரஸ் இருந்தது. ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. ரூம் விடுகிற பெண்கள் போனவர்களைப் பற்றி விசாரிப்பதில்லை, அதுவும் அந்தச் சந்து வழக்கம்தான். விசாரிக்காத வரைக்கும் எல்லாரும் எங்கேயோ நல்லபடியாக இருக்கிறார்கள். அந்த ஊருக்குப் போகவேண்டும் என்ற ஆசையும், போனால் தெரிந்துவிடுமே என்ற பயமும் அவளுக்குள் கிடந்து அடித்துக்கொண்டன.

ரெண்டாயிரத்து ஆறின் கடைசியில் ஜெபராஜ் ரிட்டயர் ஆனான். மறுநாள் காலையில் ஈசி சேரில் சாய்ந்துகொண்டு, ராஜா மாதிரி கேட்டான்.

"எல்லா ஷிப்மென்டும் போயாச்சு புஷ்பம். சொல்லு, எங்க போலாம்?"

"அம்மா, ஊட்டி போங்கம்மா" என்றாள் மகள் ஃபீபி. "ரூம நான் பாத்துக்கறேன்."

"முர்ஷிதாபாத்" என்றாள் ஜெயபுஷ்பம். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள்.

"அங்க யாரு இருக்காங்க இப்ப? ஒரு லெட்டர் போட்டுட்டுப் போலாமே."

"லெட்டர் போட்டா பதில் வருங்க" என்றாள். ஜெபராஜுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

ஜனவரியில் காட்பாடியில் ஹவுரா ரயில் ஏறினார்கள். பெட்டி நிறைய எக்ஸ்ரே கவரோடு ஊர் திரும்புகிற ஜனங்கள். எவருக்கு ஜன்னலோரம் வேண்டும், எவருக்குக் கஞ்சி வேண்டும் என்று பார்த்தமாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்தது. கட்டாக் வரைக்கும் எழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். "நீ ஊர் சுத்த வந்தியா, டியூட்டி பாக்க வந்தியா?" என்று ஜெபராஜ் அலுத்துக்கொண்டான்.

கல்கத்தாவில் ஷெஃபாலி சொன்னபடியே ஒரு நாள். வெள்ளை சர்ச்சில் முழங்கால் போட்டு, அவர் உயிரோடு இருக்கட்டும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினாள். டிராமில் ஜெபராஜ் வெளியே எதையும் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் ஷூவையே பார்த்துக்கொண்டு, "இது நம்ம பக்கத்துத் தோலு" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

லால்பாகில் குதிரை வண்டி ஆற்றோரக் கடை வாசலில் நின்றது. ஜெயபுஷ்பத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குள் மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஒருவர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பினார். தலை நரைத்திருந்தது, மற்றபடி நிர்மல் பாபுவேதான்.

"தீதி?"

"இருக்கீங்களா? நல்லா இருக்கீங்களா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. இவ்வளவு வருஷம் வீணாகப் பயந்தோமே என்று தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். கடையைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஷெஃபாலி எங்க? யார் வந்திருக்காங்க பாரு, கூப்பிடுங்க அவள."

நிர்மல் பாபு கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

"அவ போய் நாலு வருஷம் ஆகுது தீதி."

ஜெயபுஷ்பம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளி இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவள் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அன்று ராத்திரி அவரே சமைத்துப் போட்டார். மீன்குழம்பில் கடலை எண்ணெய் வாசனை. "கடுகெண்ணெய் உங்களுக்கு ஆகாதுல்ல. தீதி வந்தா கடலெண்ணெய்லதான் செய்யணும்னு அவ சொல்லி வச்சிருந்தா" என்றார். ஜெயபுஷ்பம் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து ஷெஃபாலி போட்ட திட்டம் ஒன்று விடாமல் நடந்தது. அவருக்கு எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தது. புது வெல்லம் வாங்கிக் கொடுத்தார். அரண்மனையில் ஜெயபுஷ்பத்துக்கு முட்டி வலிக்காதபடி இடம் பார்த்து உட்கார வைத்தார். பாதி வாசலைத் தாண்டும்போதே, "இத யாரு பெருக்குவான்னு நீங்க கேட்டத ஊர் பூரா சொல்லிச் சிரிப்பா" என்றார். கடைசியில் படகு.

கரைமுட்டத் தண்ணீர். அந்தப் பக்கம் மாந்தோப்பு பூத்துக் கிடந்தது. நடு ஆற்றில் படகுக்காரன் துடுப்பை நிறுத்தினான். ஷெஃபாலி அவளுக்காக என்றைக்கோ சொல்லி வைத்திருந்த இடம்.

"தீதி, ஒண்ணு கேக்கலாமா?" என்றார் நிர்மல் பாபு. "நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

"தப்பா?"

"வராதன்னு சொன்னீங்களே. கன்னத்தப் புடிச்சுச் சொன்னீங்க. அவ அதயே நினைச்சுக்கிட்டிருந்தா. கடுகெண்ணெயாலதான் தீதிக்கு நம்ம மேல வெறுப்புன்னு சொல்லுவா. அவளுக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சதும் வேலூர் போலாம்னேன். மாட்டேன்னுட்டா. அந்த ஊருக்குப் போய்த் தீதி வீட்ல தங்காம வேற எடத்துல எப்படித் தங்கறது, கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறதுன்னா. கல்கத்தாலயும் நல்லாத்தான் பாத்தாங்க, நான் யாரையும் குறை சொல்லல. ஆனா அவளுக்கு உங்கள ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. ஃபோன்ல ஒரு நாள் நீங்களா வான்னு சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தா."

ஜெயபுஷ்பம் சொன்னாள். அந்தச் சந்தின் வழக்கத்தை, தலைவச்சுப் படுக்காதே என்றால் என்ன என்பதை, அன்றைக்கு நாக்கு வரைக்கும் வந்த வார்த்தையை. அவளுடைய ஹிந்தி பாதியில் நின்றுபோய், தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனாள். ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

வேலூரில் இருந்த மாசங்களில் காதில் விழுந்த தமிழ் போதும், நிர்மல் பாபுவுக்கு எல்லாம் புரிந்தது.

"இது அவளுக்குத் தெரியாது தீதி" என்றார்.

சுற்றிலும் அவ்வளவு தண்ணீர். அவளால் அதைக் கண் கொண்டு பார்க்க முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "போலாம், கரைக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் திரும்புகிற நாள் ஸ்டேஷனுக்கு அவரும் வந்தார். ரயில் நின்றது. ஜெபராஜ் பெட்டியை ஏற்றினான். ஜெயபுஷ்பம் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். நிர்மல் பாபு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஷெஃபாலி கேட்டில் நின்ற மாதிரியே நின்றிருந்தார்.

"நான் வரட்டுமா?" என்றாள்.

"வாங்க தீதி" என்றார் அவர்.

ரயில் நகர ஆரம்பித்தது. அவருடைய நெஞ்சில் இருப்பது மாற்றிவைத்த வால்வு. வார்த்தை பலித்துவிடும் என்ற பயம் அவளுக்கு அப்போதும் போகவில்லை. பயத்தோடேயே சொன்னாள்.

"வேலூருக்கு வாங்க நிர்மல் பாபு. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாதப்பவே வாங்க, சும்மா வாங்க. மூலை ரூமு உங்களுக்குத்தான்."

அவர் ரயிலோடு சேர்ந்து மெல்ல நடந்தார்.

"வர்றேன் தீதி. கொல்லையிலயே சமைச்சுக்கறேன்."

"வேணாம்" என்றாள் ஜெயபுஷ்பம். "ரூம்லயே சமைங்க. கதவத் தொறந்து வச்சு, கடுகெண்ணெய்லயே சமைங்க."